பறக்கலாமா, வேண்டாமா

போன ஆண்டு ஒரு பொறியியல் கல்லூரியில் தொழில்முனைவோர் தினத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பொன்னாடை போர்த்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குட்டி ராக்கெட்டை மெமெண்டோவாகக் கொடுத்து, பேச்செல்லாம் முடிந்த பிறகு, ஒரு மாணவியின் அப்பா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். "சார், தப்பா நினைக்காதீங்க. எம் பொண்ணு ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங்தான் வேணும்னு அடம் பிடிச்சு சேர்ந்திருக்கா. நீங்களே அதைப் படிச்சிட்டு சாஃப்ட்வேர் கம்பெனிதான் வச்சிருக்கீங்க. அப்ப நான் அவளை முதல்லயே கம்ப்யூட்டர் சயின்ஸ்ல தள்ளியிருக்கலாம் இல்லையா?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மனிதர் கொஞ்சம் ஏமாந்துதான் போனார். மேடையில் அரை மணி நேரம் பேசிய ஆளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

அடிப்படை பலமாக இருந்தால் எந்தத் துறைக்கும் போகலாம் என்பது இந்தக் கேள்விக்கு எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் பதில். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அடிப்படை பலமான சிவில் இன்ஜினியரும் போகலாம், இயற்பியல் படித்தவரும் போகலாம்; அப்படியானால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் உட்கார்ந்து காற்றியக்கமும் கட்டமைப்பும் படித்ததெல்லாம் வெறும் மூளைப் பயிற்சிதானா? இன்னொரு பதிலும் உண்டு. எங்கள் காலத்தில் ஏரோ படித்தவனுக்கு விமானம் கட்டும் எச்.ஏ.எல்., விமான ஆய்வகமான என்.ஏ.எல்., தேஜஸ் போர்விமானத்தை வடிவமைத்த ஏ.டி.ஏ., இஸ்ரோ, விமானப்படை என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய இடங்கள்தான் இருந்தன. அங்கே இடம் கிடைக்காதவர்கள் கேம்பஸ் தேர்வில் உட்கார்ந்து, ஏதோ ஒரு அமெரிக்க வங்கிக்கு நிரல் எழுதப் போனார்கள். இது உண்மைதான். என் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் போனார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். ஆனால் என் கதை அது இல்லை. எனக்கு விமான வேலை கிடைத்தது, பிடித்தும் இருந்தது; அந்த வேலைக்குள்ளிருந்துதான் சாஃப்ட்வேருக்கு வந்து சேர்ந்தேன்.

இது என்னுடைய விசித்திரம் ஒன்றும் இல்லை. பொறியியல் மென்பொருள் என்று இன்று நடக்கும் பெரிய வியாபாரத்தின் பழைய கதையைத் தோண்டினால் பல இடங்களில் ஒரு விமானம் வந்து நிற்கும். 1960-களின் நடுவில் நாசாவின் ஒவ்வொரு மையமும் தன் போக்கில் கட்டமைப்புக் கணக்குக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்துச் செய்ததுதான் நாஸ்ட்ரான். அதை எழுதிய குழுவில் ஒரு சிறு நிறுவனமும் இருந்தது. ரிச்சர்ட் மெக்நீல், ராபர்ட் ஷ்வெண்ட்லர் இருவரும் 1963-ல் தொடங்கியது. 1971-ல் அவர்கள் தங்கள் சொந்தப் பதிப்பை விற்க ஆரம்பித்தார்கள். பிரான்சில் போர்விமானம் கட்டும் டாஸோ, காற்றுச் சுரங்கத்துக்கான மாதிரிகளைச் சீக்கிரம் செய்து முடிக்க வேண்டும் என்று 1977 வாக்கில் தன் தேவைக்கே எழுத ஆரம்பித்ததுதான் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருள். 1981-ல் அதை விற்பதற்கென்றே டாஸோ சிஸ்டம்ஸ் தனியாகப் பிரிந்தது. 1994-ல் முதன்முதலாகப் பறந்த போயிங் 777 முழுக்க முழுக்க அதில் வரையப்பட்டது. நம் ஊரிலும் ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது: தேஜஸ் விமானத்தின் கார்பன் இழைப் பாகங்களை அடுக்கு அடுக்காக வடிவமைக்க ஏ.டி.ஏ.வில் எழுதப்பட்ட ஆட்டோலே என்ற மென்பொருளுக்கு ஏர்பஸ் உரிமம் வாங்கியது. இவர்கள் யாரும் துறை மாறவில்லை. விமான வேலையை முடிக்க ஒரு கருவி செய்தார்கள், அந்தக் கருவியைத் தங்களுக்கும் கொடு என்று அடுத்தவர்கள் கேட்டார்கள்.

குப்தா, மெஹ்ரா, 1974

இந்த வரிசையில் எனக்கு மிக நெருக்கமானவர் நரேன் குப்தா. நான் அவரைச் சந்தித்ததில்லை. சிலிக்கன் வேலியில் அவர் தொழிலதிபர், முதலீட்டாளர். எனக்கோ அவர் முதலில் ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இருந்த பெயர்: குப்தா, மெஹ்ரா, 1974. பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் பதிவான தரவை வைத்து அந்த விமானத்தின் கணித மாதிரியில் இருக்கும் எண்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருப்பவர்கள் எப்போதாவது அந்தக் கட்டுரைக்கு வந்து சேருவார்கள். முறை ஏற்கெனவே தெரிந்ததுதான். அன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டினால் நேரத்தைத் தின்றுவிடும். அந்தக் கணக்கை எப்படிச் சுருக்குவது என்பதுதான் கட்டுரை. புதுக் கோட்பாடு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதில் சுவாரசியம் குறைவாகத்தான் இருக்கும். ராத்திரிக்குள் விடை வேண்டும் என்று நிற்பவனுக்கு அது பெரிய உபகாரம்.

டெல்லி ஐ.ஐ.டி., கால்டெக், ஸ்டான்ஃபோர்ட் என்று படித்துவிட்டு, பாலோ ஆல்ட்டோவில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் இந்த மாதிரியான வேலைதான் செய்துகொண்டிருந்தார். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே, 1979-80 குளிர்காலத்தில், கிளீவ் மோலர் என்ற கணிதப் பேராசிரியர் ஸ்டான்ஃபோர்டில் ஒரு பாடம் நடத்த வந்தார். மாணவர்கள் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியோடு மல்லுக்கட்டாமல் மேட்ரிக்ஸ் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும் என்று தான் எழுதி வைத்திருந்த மேட்லேப் என்ற நிரலை வகுப்பில் கொடுத்தார். அப்போது அது இலவசம். மோலரே பின்னாளில் எழுதியிருக்கிறார்: வகுப்பில் இருந்த கணித மாணவர்களுக்கு அது பெரிதாகப் படவில்லை, கன்ட்ரோல் எனப்படும் கட்டுப்பாட்டுத் துறை, சிக்னல் படித்த பொறியியல் மாணவர்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் வழியாக அது பாலோ ஆல்ட்டோ கம்பெனிகளுக்குப் போனது. 1980-ல் குப்தா இன்டெக்ரேட்டட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். அங்கே மேட்லேபை அடித்தளமாக வைத்து எழுதப்பட்டது மேட்ரிக்ஸ்-எக்ஸ் என்ற கட்டுப்பாட்டு வடிவமைப்பு மென்பொருள். மோலரின் மேட்லேபே வணிகப் பொருளாக மாறியது அதற்குப் பிறகு, 1984-ல்தான்.

அதே 1980-ல் குப்தாவின் இன்னொரு முக்கியமான கட்டுரையும் வெளிவந்தது. கட்டுப்பாட்டு வடிவமைப்பில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கவனம் என்பதை வடிவமைப்பாளரே நிர்ணயிக்க வழிசெய்யும் கட்டுரை. கன்ட்ரோல்காரர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். கட்டுரையும் கம்பெனியும் ஒரே வருஷத்தில் வருவது தற்செயல் இல்லை என்பது என் கட்சி. எந்த இடத்தில் கணக்கு வலிக்கிறது என்று தெரிந்தவர்தான் எந்த இடத்தில் கருவி விற்கும் என்று கண்டுபிடிக்க முடியும். மேட்ரிக்ஸ்-எக்ஸில் கட்டுப்பாட்டு அமைப்பைக் கட்டங்களாக வரைந்தால் போதும், அதற்கான நிரலை அதுவே எழுதிக் கொடுத்துவிடும். இன்று இது சாதாரணம். அன்று வடிவமைப்பாளர் காகிதத்தில் வரைந்ததை ஒரு புரோகிராமர் படித்துப் புரிந்துகொண்டு கையால் நிரல் எழுத வேண்டும், நடுவில் ஒரு குறி மாறினால் போச்சு. இந்த இடைவெளி எவ்வளவு அபாயமானது என்று உள்ளே இருந்தவர்களுக்கே தெரியும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் கட்டுப்பாட்டு மென்பொருள் வேலையிலும் மேட்ரிக்ஸ்-எக்ஸ் பயன்பட்டது. நிறுவனம் 1990-ல் பங்குச் சந்தைக்குப் போனது, 2000-ல் விண்ட் ரிவர் என்ற மென்பொருள் நிறுவனத்தோடு இணைந்தது.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப்

பெங்களூரில் நான் சேர்ந்த ஆய்வகத்தில் என் வேலை ஃப்ளட்டர். இறக்கை மேலும் கீழும் வளையும், முறுக்கவும் செய்யும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இந்த இரண்டும் சேர்ந்துகொண்டு காற்றிலிருந்தே சக்தியை எடுத்து ஆட ஆரம்பித்துவிட்டால், சில வினாடிகளில் இறக்கை கழன்றுவிடும். அதனால் புது விமானத்தில் வேகத்தைப் படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். ஒவ்வொரு படியிலும் பைலட் ஸ்டிக்கை ஒரு தட்டு தட்டுவார், இறக்கை அதிரும். அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று தரையில், விமானத்தின் தரவு வந்து சேரும் டெலிமெட்ரி அறையில் இருக்கும் நாங்கள் பார்ப்போம். அடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் படிக்குப் படி நீண்டுகொண்டே போனால் நிறுத்த வேண்டும். விமானம் மேலே எரிபொருளை எரித்துக்கொண்டு காத்திருக்கும்போது கணக்கைச் சீக்கிரம் போட்டாக வேண்டும் என்பதால் நான் நிரல் எழுத ஆரம்பித்தேன். பிறகு பக்கத்துப் பிரிவுக்காரர்களும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வேலையை விட்டு வெளியே வந்து அந்த யோசனைகளை வைத்து வேறொன்றை முதல் வரியிலிருந்து எழுதினேன். அரசாங்கத்துக்கு எழுதியதை எடுத்துக்கொண்டு வர முடியாது, வரவும் கூடாது.

விற்கப் போனபோதுதான் தெரிந்தது, ஃப்ளட்டர் சோதனை செய்யும் வாடிக்கையாளர் என்று இந்தியாவில் நான் விட்டுவிட்டு வந்த ஆட்களைத் தவிர யாரும் இல்லை. அதிர்வு என்றால் வேறு எங்கே? சுற்றுகிற எல்லா இயந்திரத்திலும். சுற்றுகிற இயந்திரம் எங்கே? கோயம்புத்தூரில். ஒரு நண்பரின் மாமா வழியாக, மோனோபிளாக் பம்ப் செய்யும் ஒரு ஆலையில் சோதனை மேடைக்குப் பக்கத்தில் என் கம்ப்யூட்டரை வைக்க அனுமதி கிடைத்தது. பம்ப் மேல் காந்தத்தால் ஒட்டும் சென்சார், திரையில் அழகான அதிர்வெண் வரைபடம். அது அழகாகத்தான் இருந்தது, இப்போதும் சொல்வேன்.

சோதனைப் பிரிவு சூப்பர்வைசர் என்னைவிட வயதில் மூத்தவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். நான் விளக்கினேன். அண்ணா, இந்த மோட்டார் நிமிஷத்துக்கு 2,880 சுற்று, அதாவது வினாடிக்கு 48. இந்த 48-ல் கோடு உயரமாக இருந்தால் இம்பெல்லர் பேலன்ஸ் சரியில்லை. 96-ல் உயர்ந்தால் ஷாஃப்ட் நேராக இல்லையோ என்று பார்க்க வேண்டும். 100-ல் இருப்பது மின்சாரத்திலிருந்து வருவது, கரண்டை நிறுத்தினால் உடனே மறைந்துவிடும். ஆறு இதழ் இம்பெல்லர் என்றால் 288-ல் ஒன்று வரும், அது தண்ணீர் தள்ளும் சத்தம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தானுங்க இருக்குது சார். ஆனா இத்தனை கோடு எனக்கெதுக்குங்க? இந்தப் பம்பு வண்டி ஏறலாமா, வேண்டாமா. அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க உங்க மிசினை." நான் விடாமல், அண்ணா, காரணம் தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும் என்றேன். "காரணம் உங்களுக்குத் தெரியுதுங்க. நைட் ஷிஃப்ட்ல நிக்கிற பையனுக்குத் தெரியோணுமில்லைங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை தகவலை எடுத்து ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு என்று சுருக்குவது படித்த படிப்புக்கு அவமானமாகத் தோன்றியது. அதற்கு ஏரோ எதற்கு, ஒரு மலிவு மீட்டர் போதுமே? ராத்திரி பெங்களூர் பஸ்ஸில் அந்தச் சூப்பர்வைசரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். சேலம் தாண்டியிருக்கும், அப்போதுதான் டெலிமெட்ரி அறை ஞாபகத்துக்கு வந்தது. அந்த அறையில் சோதனையை நடத்தும் டைரக்டர் ஒரு நாளும் என் வரைபடத்தைப் பார்த்ததில்லை. அவருக்கு அதற்கு நேரம் இல்லை. ஹெட்செட்டில் "ஃப்ளட்டர்?" என்று கேட்பார். நான் "கிளியர்" என்பேன். அவர் பைலட்டிடம் அடுத்த வேகத்துக்குப் போகச் சொல்வார். இத்தனை கணக்கும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான். அந்த அறையில் பச்சை விளக்காக இருந்தது நானேதான். கோவைக்காரர் கேட்டது அதையேதான்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அங்கே எனக்கு அனுமதிக்கப்பட்ட பதில்கள் இரண்டு இல்லை, மூன்று. கிளியர். ஸ்டாப். அப்புறம், ரிப்பீட். சென்சார் இரைச்சல் போடுகிறது, பைலட்டின் தட்டு மென்மையாக விழுந்துவிட்டது, காற்று கலங்கலாக இருக்கிறது, இதை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது, அதே வேகத்தில் இன்னொரு முறை செய்யுங்கள். ரிப்பீட் சொல்வதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும். எரிபொருள், நேரம், மேலே உட்கார்ந்திருக்கும் ஆள், எல்லோரும் காத்திருக்கும்போது தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு மூத்தவர்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்: தரவு நன்றாக இருக்கிறதா என்று பார், விமானம் நன்றாக இருக்கிறதா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

கடையில் கிடைத்த மீட்டர்களில் அந்த மூன்றாவது பதில் இல்லை. எதன் மீது வைத்தாலும் ஒரு எண் சொல்லும். சென்சாருக்கு அடியில் பெயின்ட் உரிந்து காந்தம் சரியாக ஒட்டாமல் இருந்தாலும் சொல்லும். அதிர்வின் அளவை வைத்து இயந்திரங்களை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கும் சர்வதேசத் தரநிலை ஏற்கெனவே இருந்தது. சின்ன இயந்திரங்களுக்கு வினாடிக்கு 1.8 மில்லிமீட்டருக்குமேல் போனால் கவனி, 4.5-ஐத் தாண்டினால் ஓட்டாதே என்கிற மாதிரி. அதை எடுத்துப் போட்டு விளக்கு எரிய வைக்க ஒரு வாரம் போதும். ஆனால் அதே பம்ப் ரப்பர் விரிப்பின் மேல் ஒரு எண் காட்டும், இரும்பு மேடையில் போல்ட் போட்டு இறுக்கினால் வேறு எண் காட்டும். இதையெல்லாம் பார்த்து, இந்த அளவீட்டை நம்பலாமா என்று முதலில் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் மஞ்சள் விளக்கு ஒன்றை எழுதுவதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் காலம் பிடித்தது. வரைபடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பொத்தானுக்குப் பின்னால் போட்டேன், பகலில் வரும் இன்ஜினியர் பார்த்துக்கொள்ளட்டும்.

விமானத்துறை இந்தப் பாடத்தை எனக்கு முன்பே காக்பிட்டில் படித்திருந்தது. கான்கார்டில் பைலட்டுகளுக்குப் பின்னால் ஃப்ளைட் இன்ஜினியர் என்று மூன்றாவது ஆள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான விளக்குகளையும் முட்களையும் கவனித்துக்கொண்டிருந்தார். 1980-களின் தொடக்கத்தில் போயிங் 767-ம் ஏர்பஸ் ஏ310-ம் வந்தபோது அந்த நாற்காலியே போய்விட்டது. திரைகள் வந்தன. எல்லாம் சரியாக இருந்தால் மேலே உள்ள பலகையில் எந்த விளக்கும் எரியக் கூடாது, ஏதாவது எரிந்தால்தான் பார்க்க வேண்டும் என்பது விதியானது. மூன்றாவது ஆளின் தலைக்குள் இருந்த தீர்மானத்தில் ஒரு பெரும் பகுதி மென்பொருளுக்குள் போனது. வேலைச் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன, அமெரிக்காவில் ஜனாதிபதி அமைத்த குழுவே 1981-ல் உட்கார்ந்து இரண்டு பேர் போதுமா என்று ஆராய்ந்தது.

சில மாதம் கழித்து ஆலைக்குப் போனபோது சூப்பர்வைசர் சொன்னார்: "மஞ்சள் எரிஞ்சா பசங்க திட்டறானுங்க சார், எண்ணிக்கை குறையுதுன்னு. ஆனா பச்சையை நம்பறானுங்க." அந்த அப்பாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதற்குள்தான் எங்கேயோ இருக்கிறது என்று நினைக்கிறேன். பச்சையும் சிவப்பும் எழுத யாராலும் முடியும். மஞ்சள், ஃப்ளட்டரில் வேலை பார்க்காமல் எனக்குத் தோன்றியிருக்காது.

மென்டார் என்கிற வேலை

இப்போது கம்பெனியைப் பார்த்துக்கொள்ள என்னைவிடச் சாமர்த்தியமானவர்கள் இருக்கிறார்கள். நான் பெரும்பாலும் மாணவர் குழுக்களோடும் புது ஸ்டார்ட்அப்காரர்களோடும் உட்காருகிறேன். மென்டார் என்ற பெயரில் நம் ஊரில் நடக்கும் பல விஷயங்கள் எனக்கு ஒவ்வாது. ஒருவர் வந்து விலையை ஏற்று என்பார், அடுத்த வாரம் இன்னொருவர் இலவசமாகக் கொடு என்பார், இருவரோடும் செல்ஃபி எடுத்துப் போட்டுவிட்டு பையன்கள் முழித்துக்கொண்டு நிற்பார்கள். சொன்னவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. தன் கம்பெனியில் செய்யப் பயந்ததையெல்லாம் அடுத்தவர் கம்பெனியில் செய்து பார்க்கும் ஆசைதான் பல அறிவுரைகளில் எனக்குத் தெரிகிறது.

விமானத் திட்டங்களில் டிசைன் ரிவியூ என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் மூத்தவர்கள் வடிவமைக்க மாட்டார்கள், அது அவர்கள் வேலை இல்லை. கேள்வி கேட்பார்கள், கேள்வி எழுத்தில் பதிவாகும், குழு எழுத்தில் பதில் சொல்லும். நீங்கள் சொன்னதை ஏற்கவில்லை, காரணம் இது என்றும் பதில் சொல்லலாம், காரணம் நியாயமாக இருந்தால் கேள்வி மூடப்படும். நானும் அப்படித்தான் நடத்துகிறேன். என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஏன் கேட்கவில்லை என்று அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும். முதல் மாதத்தில் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

குப்தாவும் இந்தப் பக்கம் வந்தவர்தான். 2006-ல் நெக்ஸஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் இயக்குநர் குழுவிலும் நெடுநாள் இருந்தார். 2021 டிசம்பரில் காலமானார். நெக்ஸஸ் ஆரம்பத்திலேயே பணம் போட்ட இந்திய நிறுவனங்களில் போஸ்ட்மேனும் ஒன்று. அபினவ் அஸ்தானா என்பவர் தன் புரோகிராமிங் வேலையில் வந்த ஒரு எரிச்சலுக்காகத் தனக்கென்று செய்துகொண்ட கருவியை இலவசமாக வெளியே விட்டார், உலகம் முழுக்க எடுத்துப் பயன்படுத்தியது, கம்பெனி அதற்குப் பிறகுதான். அதைத் தேர்ந்தெடுத்ததில் குப்தாவின் கை எவ்வளவு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மேட்ரிக்ஸ்-எக்ஸ் செய்தவர் தொடங்கிய இடத்துக்கு அந்தக் கதை புரிந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மேட்ரிக்ஸ்-எக்ஸின் பின்கதைதான் கொஞ்சம் சோகம். விண்ட் ரிவர் 2001-ல் அதை மேட்லேபின் கம்பெனிக்கே கைமாற்றியது. போட்டியை ஒழிக்கும் ஏற்பாடு என்று அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. கடைசியில் 2003-ல் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கைக்குப் போனது. இன்றைய மாணவர்களில் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே என்னிடம் வரும் ஏரோ மாணவர்கள் ஸ்லைடு போடும் முன்னால் லேப்டாப்பைத் திறக்கச் சொல்கிறேன். உங்கள் வேலைக்காக நீங்களே எழுதிக்கொண்ட சின்னச் சின்ன நிரல்களைக் காட்டுங்கள். வெட்கப்படுவார்கள். அதெல்லாம் சும்மா சார் என்பார்கள். இப்போது என்னோடு இருக்கும் ஒரு குழு வந்தபோது ஸ்லைடில் செயற்கை நுண்ணறிவு, தளம், கோடிக்கணக்கில் சந்தை எல்லாம் இருந்தது. லேப்டாப்பில் ஒரு மூலையில், ஆர்டுபைலட் என்ற தானியங்கி மென்பொருளில் ஓடும் தங்கள் டிரோனின் பறப்புப் பதிவைப் படித்து எந்த மோட்டார் கெட்டுப்போகப் போகிறது என்று சொல்லும் நிரல் இருந்தது. போட்டிக்கு முந்தைய ராத்திரி எழுதியதாம். பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் இரண்டு முறை அதைக் கடன் கேட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி ஸ்லைடில் ஒரு வரி கிடையாது.

இவர்களிடம் ஒரு விஷயத்தில் பொறாமையும் உண்டு. என் காலத்தில் ஏரோவுக்குள்ளேயே கம்பெனி தொடங்குவது கனவிலும் கிடையாது. இப்போது ஐ.ஐ.டி. மெட்ராஸில் முளைத்த அக்னிகுல் 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட்டை ஏவியிருக்கிறது, குலசேகரப்பட்டினத்தில் புது ஏவுதளம் வருகிறது. சாஃப்ட்வேர் என்பது இவர்களுக்கு வேறு வழியில்லாமல் போகும் இடமாக இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் ராக்கெட் செய்யப் போகிறேன் என்று வருபவனை நான் ஒருபோதும் திருப்புவதில்லை. அவனும் தன் ராக்கெட்டுக்காக நிரல்கள் எழுதத்தான் போகிறான், அதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று மட்டும் சொல்வேன்.

டிரோன் குழு அந்த மோட்டார் நிரலை இப்போது டெல்டாவில் வயலுக்கு மருந்து அடிக்கும் டிரோன்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கிறது. பத்து லிட்டர் டாங்க், ஆறு மோட்டார். மருந்துச் சாரல் உள்ளே போய் பேரிங்கைத் தின்பதால் மோட்டார் சீக்கிரம் போகும், எனவே அவருக்கு இது ரொம்பத் தேவைப்படும் என்பது இவர்கள் கணக்கு. போன சனிக்கிழமை ரிவியூவில் குழுவின் மூன்றாமாண்டு மாணவி சொன்னாள்: "சார், அவருக்கு மோட்டாரைப் பத்திக் கவலையே இல்ல. போனா மாத்திக்கிறேம்மாங்கறாரு. இந்த பேட்டரில இன்னும் எத்தன மா அடிக்கலாம்னு சொல்லுமான்னு கேக்குறாரு." மா என்பது டெல்டாக்காரர்களின் நில அளவு. மற்ற மூன்று பேருக்கும் அது பிடிக்கவில்லை. பேட்டரியைப் பற்றிச் சொல்ல ஏற்கெனவே பத்து ஆப் இருக்கிறது, நம்முடைய பலம் அதிர்வு என்கிறார்கள். அவள், நம் பதிவில் கரண்ட் அளவும் இருக்கிறது, டாங்க் காலியாகக் காலியாக எடை குறைவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அதனால்தான் அந்த ஆப்கள் சொல்வதை அவர் நம்பவில்லை என்கிறாள். எனக்கு அவள் சொல்வது சரி என்று படுகிறது. ஆனால் நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு கட்சியும் அடுத்த ரிவியூவுக்கு அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.